மாடும் மண்ணும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தொழிலாளி ஒருவருக்குத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள என்ன இருந்தது? குடியிருந்த லயத்து வீடு தோட்டத்துக்கு உரியது. நாள்தோறும் வெட்டிய பால்மரம் தோட்டத்துக்கு உரியது. வீட்டின் பின்புறம் முருங்கையும் மரவள்ளியும் நட்டு வளர்த்த மண்கூட நிருவாகம் விட்டுவைத்திருந்த மண்ணேயாகும். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் முருங்கை மரமும் போகும். கயிற்றைப் பிடித்து உடன் நடத்திச் செல்லக்கூடிய சொத்து ஒன்றே ஒன்று அவரிடம் இருந்தது. அதுதான் மாடு.

தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருள். கல்வியின் சிறப்பைக் கூறுமிடத்தில் வள்ளுவர் அச்சொல்லை அப்பொருளில் ஆண்டிருப்பதை நாம் வகுப்பறையில் விளக்குகின்றோம். நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் அதனை எவரும் விளக்க வேண்டியிருந்ததில்லை. மகளுக்குத் திருமணம் என்றால் ஒரு கிடாரி விலைபோகும். மகன் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம் வேண்டுமென்றால் பால் காசு உதவும். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றபோது எடுத்துச் சென்ற பெட்டியும், அதற்குள் இருந்த இரண்டு வெள்ளைச் சட்டைகளும் எங்கள் பசு தந்தவை என்பதை இன்றும் மறந்தேனல்லேன்.

இந்நாட்டுக் கால்நடைத் துறையினர் எல்.ஐ.டி. என்று சுருக்கமாகக் குறிப்பிடும் மாட்டினம் ஒன்று உண்டு. ‘உள்ளூர் இந்தியக் கறவை மாடு’ என்பது அதன் விரிவு. இந்தியாவிலிருந்து குடியேறியவர்களுடன் வந்த பலவகை மாடுகள் இங்கே ஒன்றோடொன்று கலந்து உருவான இனம் அது. நம் முன்னோர் கப்பலேறி வந்ததை வரலாற்று நூல்கள் எழுதியிருக்கின்றன. அவர்களோடு வந்த மாடுகளின் வரலாறு அந்த மூன்றெழுத்துப் பெயருக்குள் அடங்கிக் கிடக்கின்றது. 1970களிலும் 1980களிலும் அரசு பால் சேகரிப்பு நிலையங்களை அமைத்து, வெளிநாட்டிலிருந்து சாகிவால்–பிரீசியன் கலப்பின மாடுகளை வரவழைத்துப் பால் உற்பத்தியைப் பெருக்க முனைந்தது. பஞ்சாபின் வெப்பத்தைத் தாங்கிய சாகிவாலும், ஐரோப்பியக் குளிர்நாட்டில் மிகுதியாகப் பால் சொரிந்த பிரீசியனும் சேர்ந்த அக்கலப்பு, தோட்டத்து மாடுகளோடும் மெல்லக் கலந்தது. இன்று என் கொட்டிலில் நிற்கும் செவலைப் பசுவின் உடலில் இம்மூன்று குருதியும் ஓடுகின்றன என்று கால்நடை அலுவலர் ஒருவர் அதன் திமிலையும் மடியையும் பார்த்துச் சொன்னார். குடியேற்றத்தின் வரலாறு மனிதர்களுக்கு மட்டும் உரியதன்று.

மாட்டை உடன் நடத்திச் செல்லலாம் என்றேன். எங்கே நடத்திச் செல்வது என்னும் கேள்வி பின்னர் எழுந்தது. 1950களில் வெள்ளையர் பலர் தம் தோட்டங்களை விற்றுவிட்டுச் சென்றபோது, அவை துண்டு துண்டாக்கப்பட்டுப் பலருக்குக் கைமாறின. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். தொழிலாளர்கள் தாமே தோட்டங்களை வாங்கிக் காத்துக்கொள்ள வேண்டும் என்னும் நோக்கத்துடன் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஆயினும் தப்பிய தோட்டங்கள் எல்லாம் நிலைத்துவிடவில்லை. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. 1990களில் நீலாய்ப் பகுதியிலும் சிரம்பானைச் சுற்றியும் செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. 1998இல் சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டபோது, அதனைச் சுற்றியிருந்த நிலத்தின் மதிப்பே மாறிப்போயிருந்தது.

எங்கள் தோட்டம் 1996இல் கைமாறியது. நான் அப்போது பகாங் மாநிலத்துப் பள்ளியொன்றில் ஆசிரியனாக இருந்தேன். தொழிலாளர்களுக்கு இழப்பீடும், பட்டணத்து ஓரத்தில் மலிவுவிலை வரிசை வீடும் கிடைத்தன. அவ்வகையில் நாங்கள் நற்பேறு பெற்றவர்கள்; வீடே கிடைக்காமல் போனவர்கள் உண்டு. ஆனால் வரிசை வீட்டின் முன்புறம் ஒரு மோட்டார் சைக்கிள் நிறுத்தும் அளவுக்கே இடம் இருந்தது. ஒரே மாதத்தில் அறுபது குடும்பங்கள் தம் மாடுகளை விற்க முற்பட்டால் விலை என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. என் தந்தையார் நான்கு மாடுகளை ஒரே வாரத்தில் விற்றார். மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கக்கூடாது என்பது எங்கள் குடும்ப வழக்கம். நான்கு கயிறுகளும் புது வீட்டின் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நெடுநாள் தொங்கின. தந்தையார் மறைந்த பின்னரும் அவற்றை எடுத்தெறிய அன்னையார் இசையவில்லை. அதிகாலை நான்கு மணிக்கு விழித்தெழும் வழக்கமும் அவரை விட்டு நீங்கவில்லை. எழுந்து, செய்வதற்கு ஒன்றுமில்லாமல், விடியும்வரை நாற்காலியில் அமர்ந்திருப்பார்.

ஆகவே, 2020ஆம் ஆண்டு ரந்தாவுக்கும் லிங்கிக்கும் இடைப்பட்ட பகுதியில் முக்கால் ஏக்கர் நிலம் விலைக்கு வந்தபோது நான் நீண்டநேரம் எண்ணவில்லை. அந்நிலம் முன்னொரு காலத்தில் துண்டாடப்பட்ட தோட்டம் ஒன்றின் மூலை. எஞ்சிய பத்துப் பன்னிரண்டு ரப்பர் மரங்களில் பழைய வெட்டுத் தழும்புகள் இன்றும் தெரிகின்றன. எந்தத் துண்டாடல் எத்தனையோ குடும்பங்களை வெளியேற்றியதோ, அதன் துண்டு ஒன்றே பால்மரம் வெட்டியவரின் மகன் பெயருக்குப் பட்டாவாக வந்து சேர்ந்தது. முதலில் கோழியும் வாத்தும் வந்தன. பின்னர் ஜம்னாபாரிக் கலப்பு ஆடுகள் ஐந்து வந்தன. 2021இல் மாடுகளுக்குத் தோல்கழலை நோய் இந்நாட்டில் முதன்முறையாகப் பரவியதால் பசு வாங்குவதை ஓராண்டு தள்ளிவைத்தேன். 2022இல் செவலை சினைப்பசுவாக வந்து சேர்ந்தாள்.

அன்னையார் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கொட்டிலைத் திரும்பியும் பார்க்கவில்லை. திண்ணையில் இருந்தபடியே, “ஏன்யா, மறுபடியும் விக்கிறதுக்கா வாங்கியிருக்கே?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கு உடனே சொல்லத்தக்க மறுமொழி என்னிடம் இல்லை.

இப்போது எங்கள் நாள் நாலரை மணிக்குத் தொடங்குகின்றது. என் துணைவியார் கோழிக்கூண்டைத் திறப்பதற்கு முன் விளக்கொளியில் சுற்றிப் பார்ப்பார். மழைக்காலத்தில் மலைப்பாம்பு ஒன்று கூண்டின் அடியில் சுருண்டு கிடந்ததிலிருந்து வந்த வழக்கம் இது. நான் சாணத்தை வாரி, தரையைக் கழுவி, செம்பனைப் பிண்ணாக்கையும் தவிட்டையும் நீரில் கரைத்து வைப்பேன். பசு உண்ணத் தொடங்கியதும் மடியை வெந்நீரில் துடைத்துக் கன்றை ஒரு கணம் ஊட்டவிட்டுப் பின் கட்டிவிட்டுக் கறக்க அமர்வேன்.

கறத்தல் என்பது விரலின் வலிமையால் மட்டும் நடப்பதன்று. கன்று முட்டியதும், அல்லது வெந்நீர்த் துணி பட்டதும், பசுவின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்னும் சுரப்புநீர் குருதியில் கலக்கின்றது. மடியின் நுண்ணறைகளில் தேங்கியிருக்கும் பாலை அதுவே கீழே இறக்குகின்றது. அதன் ஆற்றல் சில நிமிடங்களே நீடிக்கும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். அந்நேரத்தில் நாய் குரைத்தாலும், புதியவர் ஒருவர் குடை விரித்தாலும் பசு அஞ்சும். அச்சத்தில் சுரக்கும் வேறொரு நீர் முன்னதன் வேலையைத் தடுத்துவிடும். பசு பாலை அடக்கிக்கொள்கிறது என்று என் தந்தையார் சொன்னது இதைத்தான். அவர் அறிவியல் கற்றவரல்லர். ஆயினும் கறக்கும்போது எவரையும் உரத்துப் பேச விட்டதில்லை. வகுப்பறையில் அச்சமுற்ற பிள்ளையிடம் விடையை எதிர்பார்க்கும் ஆசிரியர்களைக் காணும்போதெல்லாம் எனக்குக் கொட்டிலின் இவ்விதி நினைவுக்கு வருவதுண்டு.

ஆறரை மணிக்குள் ஐந்து வீடுகளுக்குப் பால் கொடுத்துவிட்டு, குளித்து, பள்ளிக்குச் சென்றுவிட வேண்டும். மாலையில் புல்லறுப்பு. என் நிலத்தின் ஓரத்தில் நேப்பியர்ப் புல் நட்டிருக்கின்றேன்; அது போதாது. அண்டைத் தோட்டத்து ஓரங்களில் அறுக்கலாம். ஆனால் அங்கே அறுப்பதற்கு முன் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு யாரேனும் அப்பக்கம் வந்தார்களா என்று கேட்டறிந்த பின்னரே அரிவாளை எடுப்பேன். மலாயாத் தோட்டங்களில் களை கொல்ல நெடுங்காலம் சோடியம் ஆர்சனைட் என்னும் கொடிய நஞ்சு தெளிக்கப்பட்டது. 1960களில் பாரகுவாட் வந்தது. அதற்கு இந்நாட்டில் 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து முழுத்தடை விதிக்கப்பட்டிருக்கின்றது. மருந்தடித்த புல்லை மேய்ந்த மாடு வாயில் நுரை தள்ளி வீழ்ந்ததை நான் சிறுவயதில் கண்டிருக்கின்றேன். அந்த நஞ்சைத் தெளித்த கைகளும் நம் பெண்களின் கைகளே என்பதை அப்போது எண்ணிப் பார்க்க எனக்கு வயது போதவில்லை. மாட்டுக்கு எது ஆகாதோ அது மனிதருக்கும் ஆகாது என்னும் எளிய உண்மையை மாடு வைத்திருப்பவர் நாள்தோறும் உணர்கின்றார்.

இதனையே இம்மாநிலம் வேறொரு வகையில், பெருவிலை கொடுத்துக் கற்றது. 1998ஆம் ஆண்டின் இறுதியிலும் 1999இலும் போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகளில் நோய் பரவி, மனிதரையும் தாக்கியது. முதலில் அது கொசுவினால் பரவும் சப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா காவ் பிங் அதுவரை அறியப்படாத கிருமியொன்றைப் பிரித்தறிந்தார். அவ்வட்டாரத்துச் சுங்கை நிப்பா சிற்றூரின் பெயரால் அது நிப்பா எனப் பெயர் பெற்றது. நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பழந்தின்னி வௌவால்களே அக்கிருமியின் இருப்பிடம் என்பது பின்னர் தெளிவாயிற்று. பண்ணையை ஒட்டி நின்ற பழமரங்களில் வௌவால்கள் கடித்துப்போட்ட கனிகளின் வழியாகக் கிருமி பன்றிகளுக்கும், அவற்றிடமிருந்து அவற்றைப் பேணிய மனிதர்களுக்கும் சென்றிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

என் நிலத்தில் இரண்டு மாமரங்களும் ஒரு ரம்புத்தான் மரமும் நிற்கின்றன. பழக்காலத்தில் நாள்தோறும் ஆடுகளை அவிழ்ப்பதற்கு முன் கடிபட்டு உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிக் குழியில் புதைத்துவிடுவோம். கொட்டிலை மரத்தடியில் அமைக்கவில்லை. நிழல் வேண்டுமே என்று வந்தவர்கள் கேட்டபோது இந்த வரலாற்றைச் சொன்னேன். வௌவாலைக் கொல்ல வேண்டும் என்று நான் எண்ணியதில்லை; பற்பல காட்டு மரங்களின் மகரந்தச் சேர்க்கை அதனை நம்பியிருக்கின்றது. அது தன் மரத்தில் இருக்கட்டும். என் ஆடு தன் கொட்டிலில் இருக்கட்டும். இரண்டுக்கும் இடையே உரிய தொலைவு இருக்கட்டும். விலங்குகளோடு வாழ்வதில் அன்புக்குள்ள இடம் இந்தத் தொலைவுக்கும் உண்டு.

செவலை கன்று ஈன்ற இரவில்தான் அன்னையார் முதன்முறையாகக் கொட்டிலுக்குள் வந்தார். பனிக்குடம் உடைந்து நெடுநேரமாகியும் முன்னங்கால்களின் குளம்புகளே தெரிந்தன; தலை தெரியவில்லை. கால்நடை அலுவலருக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். எழுபத்தெட்டு வயது அன்னையார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அருகில் அமர்ந்தார். பசுவின் முதுகைத் தடவியபடி, “அவசரப்படுத்தாதேயா, அவளே தள்ளுவா” என்றார். சற்று நேரத்தில் மூக்கும், அதன்பின் நெற்றியும் வெளிவந்தன. அலுவலர் வந்து சேர்ந்தபோது கன்று தரையில் கிடந்தது. தாய் அதனை நக்கிக்கொண்டிருந்தது. அன்னையார் நஞ்சுக்கொடி விழும்வரை எழவில்லை.

கன்று எழுந்து நின்றதும் முதற்பாலை ஊட்டவேண்டும் என்று அன்னையார் விரைவுபடுத்தினார். மஞ்சள் நிறத்தில் கெட்டியாக இருக்கும் அதனைத் தமிழில் சீம்பால் என்கின்றோம். மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே நோய் எதிர்ப்பாற்றலில் ஒரு பகுதியைப் பெற்றுவிடுகின்றது. பசுவின் கன்றுக்கு அவ்வாறு கிடைப்பதில்லை. சீம்பால் வழியாகவே அது வந்தாக வேண்டும். பிறந்த ஒரு நாளுக்குள் கன்றின் குடல் அவ்வாற்றலை உட்கொள்ளும் தன்மையை இழந்துவிடுகின்றது. முதல் சில மணிநேரமே மிகச் சிறந்தது. “தாய்ப்பால் கண்ட கன்னுதான் தரையில நிக்கும்” என்று அன்னையார் சொன்னதில் இவ்வளவும் அடங்கியிருந்தது.

பிறந்தது காளைக்கன்று. அதை அறிந்ததும் அன்னையார் ஒன்றும் சொல்லாமல் கைகழுவச் சென்றார். அவருடைய முதற்கேள்வி மீண்டும் என் முன்னே வந்து நின்றது.

பாலருந்தும் நாம் பெரும்பாலும் எண்ணிப் பாராத கணக்கு ஒன்று உண்டு. பசு கன்று ஈன்றால்தான் பால் தரும். ஈனும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆண். உழவும் வண்டியும் இருந்த காலத்தில் காளைக்கு வேலை இருந்தது. இன்று முக்கால் ஏக்கர் நிலத்தில் அதற்கு என்ன வேலை? ஆண்டுக்கொரு காளையாக வளர்த்துக்கொண்டே போனால் பத்தாண்டில் பசுவுக்கே புல் இராது. தோட்டத்தில் காளைக்கன்றுகளை வாங்க ஆள் வரும். அன்று என் தந்தையார் காலைப் பெரட்டுக்குச் சற்று முன்னதாகவே கிளம்பிவிடுவார். எங்கே சென்றது என்று நாங்கள் கேட்டதில்லை; அவரும் சொன்னதில்லை. பால் எல்லார் வீட்டுக்கும் செல்கின்றது. இந்தக் கேள்வி மாடு வைத்திருப்பவர் வீட்டில் மட்டும் தங்கிவிடுகின்றது.

கன்றுக்குப் பத்து மாதம் ஆனபோது, அடுத்த நிலத்து மலாய்ப் பெரியவர் வந்தார். எனக்கு நாள்தோறும் புல் தருபவர்; என் சாணத்தை வாழைக்குப் பெற்றுக்கொள்பவர். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் நெடுநேரம் மழையைப் பற்றியே பேசினார். பின்னர், “சிக்கு, கேட்கலாமா கூடாதா என்று தெரியவில்லை” என்று தொடங்கி, கன்றை வாங்கி, பலிக்கு உரிய வயது ஆகும்வரை வளர்க்கத் தம் உறவினர் விரும்புவதாகச் சொன்னார். அது அவர்களுக்குப் புனிதமான வழிபாடு. அதனை அவர் எங்கள் மனம் அறிந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார். எங்கள் வீட்டில் அது இயலாது என்று சொன்னேன். அவர் சிறிதும் மனம் வருந்தாமல் தலையசைத்தார். மறுநாள் வழக்கம்போல் வேலியோரம் புல்கட்டு இருந்தது.

பகாவ்ப் பக்கத்தில் செம்பனைக்குள் மந்தை மேய்ப்பவர் ஒருவர் பொலிகாளைக்காக வாங்கிக்கொள்ள முன்வந்தார். செம்பனை மரங்களுக்கிடையே மாடு மேய்த்தால் களையெடுக்கும் செலவு குறையும் என்பதால் அம்முறை இந்நாட்டில் ஊக்குவிக்கப்பட்டு வருகின்றது. அவரிடமே விற்றேன். பொலிகாளையாக அது சில ஆண்டுகள் வாழும். அதன்பின் என்னவாகும் என்பது அவர் கையில். விற்ற பிறகு ஓர் உயிரின் வாழ்வை நாம் எழுதிவைக்க இயலாது என்பதை முற்றும் அறிந்தே விற்றேன். இதனை மறைத்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மாணவர்களுக்குச் சொல்ல நான் விரும்பவில்லை. விலங்குகளோடு வாழ்பவருக்குக் கிடைக்கும் கல்வியில் மிகக் கடினமான பாடம் இது.

லாரி வந்தபோது அன்னையார் தாமே கன்றின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார். வாங்கியவர் கொண்டுவந்த புதுக் கயிறு கட்டப்பட்டது. பழைய கயிறு கொட்டிலின் தூணுக்குச் சென்றது. செவலை மூன்று நாள் கதறினாள். பால் பாதியாகக் குறைந்தது. அம்மூன்று நாளும் அன்னையார் மாலைவேளையில் கொட்டிலில் புகை மூட்டினார். ஈரத்தழையும் தேங்காய் மட்டையும் போட்டுக் கொசுவை விரட்டும் அந்தப் புகையில், நாற்காலியைப் போட்டுக்கொண்டு பசுவின் அருகே அமர்ந்திருந்தார். மறுபடியும் விற்பதற்காகவா வாங்கினாய் என்று அவர் பின்னர் கேட்கவேயில்லை. 2024இல் அடுத்த ஈத்தில் கிடாரி பிறந்தது. தூணில் தொங்கிய கயிறு அதன் கழுத்துக்கு வந்தது. 1996இல் அவர் இழந்தது மாடுகளை மட்டுமன்று, மாட்டை வைத்திருப்பதா விற்பதா என்று தாமே எண்ணித் துணியும் உரிமையையும்தான் என்று எனக்குத் தோன்றுகின்றது. சொந்த மண்ணில் நின்று எடுக்கும் முடிவு வலித்தாலும், அது நம்முடைய முடிவு.

இவற்றையெல்லாம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எழுதுவதற்கு வேறு காரணமும் உண்டு. பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பிக்கப்பட்ட விதிகளுள் ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. தோட்டப்பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்தது மாடு. ஆகவே கட்டுரை எழுதப் பழக்கும்போது ‘பசு’ என்னும் தலைப்பு எளிதாக இருந்தது. இன்று அதே தலைப்பு தெரியாதவற்றின் வரிசையில் சேர்ந்துவிட்டது. பசு ஒரு வீட்டு விலங்கு, அதற்கு நான்கு கால்கள் உண்டு, அது பால் தரும் என்று பிள்ளைகள் எழுதுகின்றனர். வரிகள் பிழையற்றவை; எழுதிய கைக்கு அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களின் இளமைக்குரிய பெயர்களாகக் கன்று, குட்டி, குருளை, பறழ், பார்ப்பு, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பதைத் தொகுத்துத் தந்துள்ளார். எந்தப் பெயர் எந்த உயிருக்கு உரியது என்பதையும் வகுத்துரைக்கின்றார். விலங்குகளை அருகிருந்து கண்ட ஒரு சமுதாயம்தான் அத்தனை பெயர்களை வேறுபடுத்தி வைத்திருக்க முடியும். சினை, ஈத்து, சீம்பால், கிடாரி, அசைபோடுதல், அடைகாத்தல் என்னும் சொற்கள் என் அன்னையார் வாயில் இயல்பாக வருகின்றன. அவர் ஆறு ஆண்டுகள்கூடப் பள்ளிக்குச் சென்றவரல்லர். ‘வெக்கை நோய்’ என்ற சொல்லையும் அவர் அறிவார். மாட்டு மந்தைகளை அழித்த அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. நோய் ஒழிந்து சொல் எஞ்சியிருப்பது நல்லது. மாடு ஒழிந்து சொல் மட்டும் அகராதியில் எஞ்சினால் அதனை என்னென்பது?

இவ்வாண்டு மாட்டுப்பொங்கலன்று எங்கள் பள்ளியின் பதினான்கு மாணவர்கள் பெற்றோருடன் வந்தனர். செவலையைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, அன்னையார் கையால் பொங்கல் ஊட்டினோம். அடுத்த வாரம் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரை என் மேசைக்கு வந்தது. ‘பசு என் கையில் மூச்சு விட்டது. சூடாக இருந்தது. அதன் மூக்கு ஈரமாக இருந்தது. நான் முதலில் பயந்தேன். பிறகு பசுவும் என்னைப் பார்த்துப் பயந்தது என்று பாட்டி சொன்னார்’ என்று அவள் எழுதியிருந்தாள். ‘ஈரம்’ என்பதில் வல்லின றகரம் போட்டிருந்தாள். அதனைத் திருத்திவிட்டு, மற்ற எதனையும் தொடாமல் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னேன்.

எல்லாருக்கும் முக்கால் ஏக்கர் நிலம் வாய்க்காது. எல்லாரும் பசு வளர்க்க வேண்டும் என்று சொல்பவனும் நானல்லன். 2015ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் விலங்கை வைத்திருப்பவருக்குக் கடமைகள் பலவற்றை விதிக்கின்றது. அவற்றை நிறைவேற்ற இயலாதவர் வளர்க்காமலிருப்பதே நன்று. ஆனால் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் இன்றும் ஒரு மூலை நிலம் சும்மா கிடக்கின்றது. அங்கே ஒரு கூண்டு அமைத்து ஓர் அடைக்கோழியை வைக்கலாம். உரிய அனுமதியைப் பெற்று, விடுமுறை நாளில் தீவனம் வைக்க ஒருவரை முன்னரே ஏற்பாடு செய்துகொண்டால் போதும். முட்டை பொரிய இருபத்தொரு நாள் ஆகும். சரியாக மூன்று வாரப் பாடவேளை. பிள்ளைகள் நாளெண்ணிக் காத்திருக்கட்டும். கோழி முட்டைகளை அலகால் புரட்டிவைப்பதைக் கண்டு எழுதட்டும். பொரியாத முட்டை ஒன்றிரண்டு இருக்கும். அதனையும் கண்டு எழுதட்டும். அடைகாத்தல் என்னும் சொல்லுக்கு அதன்பின் நாம் பொருள் கூற வேண்டியிராது.